சம்மந்தி வருமுன் கழற்றிய குழாய்

எங்கள் அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் வெகு நாட்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நோன்பு மாதம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, சம்மந்தி வீட்டார் தளவாய்புரத்திலிருந்து முதன்முதலாக எங்களோடு நோன்பு திறக்க வருகிற நாள் அது. குழாய்க்கு அடியில் வாளியை வைத்துக்கொண்டு அவர்களை எப்படி வரவேற்பது? நகராட்சித் தண்ணீர் அடுத்து என்றைக்கு வரும் என்றும் தெரியாது. மாடித் தொட்டியில் இருப்பதுதான் இருப்பு. ஒரு சொட்டு வீணானாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவன் நான்.

பிளம்பருக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"பாய், வில்லிபுத்தூர்ல இருக்கேன். இன்னிக்கு ஆண்டாளுக்குக் கல்யாணம்லா. காலைல வாரேன். அதுவர நீங்க கை வச்சிராதீய."

கை வைத்தேன். ஒரு குழாயைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது என்ன பெரிய வித்தை என்று தோன்றிவிட்டது. மாடியில் தண்ணீரை அடைக்கிற வால்வு உப்புப் படிந்து இறுகிக் கிடந்தது. கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டது. அடைத்தாயிற்று என்று நானே முடிவு செய்துகொண்டு கீழே வந்தேன். ஸ்பேனரைப் போட்டு, பிஸ்மி சொல்லி, முழுப் பலத்தையும் கொடுத்தேன். சுவருக்குள் ஏதோ முறிந்தது. குழாயின் கழுத்து உள்ளேயே நிற்க, மிச்சம் கையோடு வந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. "அல்லாஹ்" என்று வாய் திறந்தேன். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

காய்ச்சலில் கிடந்த வருடத்தில்கூட நான் விடாத நோன்பு.

கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு மனைவியை மாடிக்கு அனுப்பினேன். ஓடிப்போய், மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"வால்வு எந்தப் பக்கமும் திரும்ப மாட்டேங்குது. இம்புட்டு நாளா சொட்டுனது, இன்னிக்கு ஒரு நாள் சொட்டக் கூடாதா? இனி நோம்புக் கஞ்சிய எதுல காய்ச்ச, உங்க கண்ணீர்லயா?"

நான் கிழித்த பழைய கைலியை ஓட்டையில் திணிப்பதற்குள் மாடித் தொட்டி காலியாகிவிட்டது. டைல்ஸ் இரண்டு பெயர்ந்து விழுந்தன. அரிசி மூட்டையின் அடி ஊறிப்போனது. அண்டாவில் பிடித்த கொஞ்சத் தண்ணீரும் துருவும் சுண்ணாம்புமாக இருந்தது. வாயில் வைக்க ஆகாது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா பின்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"என்ன பாய், அங்க ஆண்டாளுக்குக் கல்யாணம்னா இங்க நீங்க மங்கள ஸ்நானமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே தம் குடிதண்ணீர்க் குடங்கள் இரண்டைச் சுவருக்கு மேலாக எடுத்துக் கொடுத்து, "எங்களுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி அனுப்பிருங்க" என்றார். அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி கொதித்தது.

நான் வாசலில் நின்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்துக்குப் போன் செய்தேன்.

"தொண்டைக்குள்ள எறங்குச்சா?"

"எறங்கிருச்சு ஹஜ்ரத்."

"நோம்பு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப மக்ரிப் பாங்கு சொல்ற வர ஒண்ணும் சாப்பிடாம இருங்க. பெருநாளைக்குப் பொறவு இதுக்கு ஈடா ஒரு களா நோம்பு வச்சிருங்க."

பாங்கு சொன்னதும் எல்லாரோடும் சேர்ந்து நானும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். அன்று நோன்பு திறந்தவர்களில் நோன்பில்லாதவன் நான் ஒருவன்தான். தண்ணீர்த் தம்ளரை எடுக்கக் கை வரவில்லை.

கஞ்சி குடித்து முடித்ததும் சம்மந்தி கை கழுவ எழுந்தார். சொம்போடு அவரை வாசலுக்கு அழைக்க நான் ஓடுவதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டார். சுவர் ஓட்டையையும் அதில் தொங்கிய கைலித் துணியையும் பார்த்தார்.

"பிளம்பர் பாத்த வேலையா?"

"நான் பாத்தது."

"நெனச்சேன்." கையை நீட்டினார். ஊற்றினேன். "நம்ம வீட்டு மோட்டர நான் ரிப்பேர் பாத்து, கெணத்துக்குள்ள விட்டேன். உங்க மக சொல்லலியா?"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஒரு சொட்டுக்குப் பதில் சொல்லப் பயந்தவன், ஒரு தொட்டியையே கொட்டிவிட்டு நிற்கிறேன். முறிந்த நோன்புக்கு ஹஜ்ரத் வழி சொல்லிவிட்டார். கொட்டிய தண்ணீருக்கு என்ன களா என்று அவரிடம் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.