மாப்பிள்ளைப் பெட்டி

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் என் பதவிக்குப் பெயர் கம்ப்ளையன்ஸ் இன்ஜினியர். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் இதை விளங்க வைக்க அப்பா பட்ட பாடு சொல்லி மாளாது. கடைசியில் "போன் கம்பெனியில ஆபீசர்" என்று முடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் செத்துப்போன செல்போனைக் கொண்டுவந்து என் மடியில் வைப்பது வழக்கமாகிவிட்டது.

நாங்கள் செய்தது செல்போன் அல்ல. அலுவலகங்களுக்கான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. வெளியிலிருந்து வரும் நாலைந்து லைன்களை உள்ளே இருக்கும் மேசைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. அதற்கு அரசாங்கம் போட்டிருக்கும் விதிகளைச் சுருக்கினால் இரண்டே இரண்டுதான். நீ இரைந்து பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாதே. பக்கத்தில் இருப்பவர் இரைந்தால் நீ கலங்காதே. இரைச்சல் என்றால் காதில் விழுகிற சத்தம் இல்லை, மற்ற கருவிகளைக் குழப்பும் மின் அலை. மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருந்த காம்பவுண்டில் எட்டுக் குடும்பத்தில் ஒருவராலும் முடியாத இந்தக் காரியத்தை ஒரு பெட்டியைச் செய்யவைக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் எம்.டி.க்கு வீட்டில் தெலுங்கு, பெங்களூர்க்காரர்களிடம் கன்னடம், விலை பேச இங்கிலீஷ். தமிழ் திட்டுவதற்கு மட்டும். அறுபதைத் தாண்டியவர், தலைமுடிக்குக் கருகருவென்று சாயம் போட்டு இரண்டு காதும் மறைய வளர்த்திருந்தார். இந்த வயதில் இது எதற்கு என்று கம்பெனியே முதுகுக்குப் பின்னால் சிரிக்கும். போனை எடுத்தால் முதல் வார்த்தை "ஆ?" என்பதுதான். இரண்டாவது வார்த்தையும் அதேதான். மூன்றாவதாக, "என்ன லைனுய்யா இது, கரகரங்குது!" என்று கத்துவார். எல்லையில் இருக்கிறோம் இல்லையா, கர்நாடகா டவர் வந்து நம் லைனில் மோதுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. டெலிபோன் பெட்டி செய்து விற்கிறவர் சொந்த டெலிபோனில் பேச்சு கேட்காமல் பக்கத்து மாநிலத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு மாடலை விற்க வேண்டுமானால் முதலில் ஒரு பெட்டியைப் பெங்களூர் லேபில் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கென்று எங்கள் ஆலையில் தனியாக ஒரு பெட்டி தயாராகும். நல்ல பவர் சப்ளை, ஒயருக்கு ஒயர் இரைச்சலை அடக்கும் கறுப்பு வளையம், துளை இருக்கும் இடத்திலெல்லாம் ஸ்க்ரூ. அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண் பார்க்கப் போகிற நாளில் மட்டும் குளித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு புறப்படுகிறவன் என்று அர்த்தம். மற்ற நாளில் அவன் எப்படி இருப்பான் என்று பெண் வீட்டார் கேட்கக் கூடாது.

கடைசி மாப்பிள்ளையை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீசர்கள் பார்க்கிற பெட்டி பளபளவென்று இருக்கட்டும் என்று எம்.டி. முதல் நாள் அதற்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். லேபில், சுவரெல்லாம் பஞ்சு முட்கள் வைத்த அறையில் பெட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தால், சந்தைக்கடை மாதிரி இரைந்தது. கூட வந்த பர்சேஸ் மேனேஜர் தெற்கத்திக்காரர். "திருஷ்டிம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போனார். நான் மூடியைக் கழற்றினேன். பெட்டியும் மூடியும் இரும்போடு இரும்பாகத் தொட்டால்தான் உள்ளே இருக்கும் இரைச்சல் உள்ளேயே நிற்கும். எங்கள் ஆட்கள் பக்தி சிரத்தையோடு மூடியின் உள்விளிம்பு வரைக்கும் பெயிண்ட் பூசியிருந்தார்கள். லேப் வாசலில் உட்கார்ந்து பிளேடால் அத்தனையையும் சுரண்டினேன். சாயங்காலம் மாப்பிள்ளை பாஸ். கம்பெனியில் பாராட்டு எலுமிச்சம்பழத்துக்குப் போனது.

சான்றிதழ் வருவதற்கு முன்பே அதற்கான ஸ்டிக்கர்கள் கட்டுக்கட்டாக அச்சாகி வந்திருந்தன. எங்கள் கம்பெனியில் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. கையெழுத்து இருக்கிறதா, வட்ட முத்திரை இருக்கிறதா, அவ்வளவுதான். என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் முத்திரையைக் குத்திக் கொடுத்திருந்தால் அதையும் டெஸ்ட் ரிப்போர்ட் என்று ஃபைலில் சேர்த்திருப்பார்கள்.

மாப்பிள்ளையைத் துணி போட்டு மூடி பீரோவில் பூட்டினார்கள். விற்பனைக்கான பெட்டிகள் லைனில் வர ஆரம்பித்தன. கறுப்பு வளையம் இல்லை. பவர் சப்ளை வேறு, மலிவு ரகம். ஸ்க்ரூ பாதி. ஸ்டிக்கர் மட்டும் ஒவ்வொன்றிலும் நேராக ஒட்டியிருந்தது. பர்சேஸ் மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"என்னம்மா பேசுறீக? மாப்பிள்ளைக்குப் போட்ட சங்கிலிய ஊர்ல உள்ளவன் கழுத்துக்கெல்லாம் போட முடியுமா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டிய ஒரு காது ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது. மாடிக்கு ஒரு பெட்டி. அவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். ‘அனுப்பும் பெட்டிகள் எல்லாம் பரிசோதிக்கப்பட்ட பெட்டியைப் போன்றவையே’ என்று கம்ப்ளையன்ஸ் இன்ஜினியர் கையெழுத்திட்டு ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த இன்ஜினியர் நான்தான். காது கேட்காதவர்கள் நம்பி வருகிற இடத்தில், இரைகிற பெட்டிக்குக் கீழே என் பெயர். போட மாட்டேன் என்று சொல்ல எம்.டி. அறைக்குப் போனேன்.

"யாருக்கும்மா தெரியப் போவுது?" என்றார்.

"அங்க வர்றவங்க காது மிஷின் மாட்டினவங்க சார். நம்ம பெட்டி பக்கத்துல நின்னு போனை எடுத்தாங்கன்னா, அந்த மிஷின்ல கரகரன்னு கேக்கும். பேச்சே கேக்காது."

திட்டு விழும் என்று நின்றேன். விழவில்லை. "எப்புடி கரகரங்கும்?" என்றார் மெதுவாக. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இடது பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு மிஷின்.

"யாருக்கும் தெரிய வேணாம்மா" என்றார். "ஒரு வருசமா இப்புடித்தான். இந்த ரூம்ல உக்காந்து போன் எடுத்தா ஒரே எரைச்சல். டாக்டரு நரம்பு போயிட்டிருக்குங்கறாரு. எல்லாத்தையும் மருமவங்கிட்ட குடுத்துட்டு உக்காந்துரலாம்னு இருக்கறன்."

அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த மர அலமாரியைத் திறந்தேன். உள்ளே எங்கள் பெட்டி, போன வருஷ மாடல், விற்பனை ரகம், ஸ்டிக்கரோடு. அவருடைய இடது காதிலிருந்து ஒரு முழ தூரம்கூட இல்லை. போன் பேசுவதற்கென்று அந்த மாதிரி மிஷினில் ஒரு தனிப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் போனிலிருந்து வருகிற காந்த அலையை நேராகப் பிடிக்கும். ஆனால் போன் எது, பக்கத்தில் இரைவது எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. பொத்தானை அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"நின்னுருச்சு" என்றார்.

போட்டேன். முகம் சுருங்கியது. மறுபடி அணைத்தேன். காதுக்குப் பின்னால் மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. காது போகிறது, காலம் முடிகிறது என்று ஒரு வருஷம் தனியாகப் பயந்துகொண்டிருந்த மனிதர். எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் அந்த முடியைப் பார்த்துச் சிரித்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்துவிட்டது, ஆஸ்பத்திரி தப்பித்தது என்று அன்று பஸ்ஸில் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் எம்.டி. அறை அலமாரியில் பழைய பெட்டி இல்லை. பீரோவிலிருந்து மாப்பிள்ளை இறங்கி வந்து உட்கார்ந்திருந்தான். யாரோ பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் போட்டிருந்தார்கள். எம்.டி. போனில் யாருடனோ சிரித்துத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு உறுதிமொழிக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப போடும்மா கையெழுத்து."

"ஆஸ்பத்திரிப் பெட்டிய இன்னும் மாத்தலியே சார்?"

"அதான் சரியாயிருச்சே."

"உங்களுக்குச் சரியாயிருச்சு சார். அங்க வர்றவங்களும் உங்கள மாதிரிதானே? நாளைக்கு நீங்களே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் ஏம்மா அங்க போறேன்? நான் பெங்களூர் டாக்டருகிட்ட இல்ல காட்டறன்!"

பழமொழி பாதிதான் சரி என்று அன்று தெரிந்துகொண்டேன். தனக்கு வந்தால் தலைவலி தெரியும். ஆனால் தன்னுடைய தலைவலி மட்டும்தான் தெரியும். முந்தின நாள் இந்த ஆளுக்காக இரக்கப்பட்டதை நினைத்து என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று, குரலை உயர்த்தாமலேயே சொன்னார். எதிராளி பேசுவது நன்றாகக் கேட்பதால் கத்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். அதே கம்பெனித் தாளில், அதே எழுத்தில், நடுவில் இருந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி அடித்தேன். ‘பரிசோதிக்கப்பட்ட பெட்டி எங்கள் நிர்வாக இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. உங்களுக்கு அனுப்பப்படும் பெட்டிகள் எதுவும் அதைப் போன்றவை அல்ல.’ கீழே என் முழுக் கையெழுத்து. அதன்மேல் வட்ட முத்திரையை நன்றாக மை தொட்டுக் குத்தினேன்.

எம்.டி. முத்திரையைப் பார்த்தார், "நல்ல பொண்ணு" என்றார். பர்சேஸ் மேனேஜர் கையெழுத்தைப் பார்த்தார், "இதத்தாம்மா முதல்லயே செஞ்சிருக்கணும்" என்றார். அவரே ஸ்கேன் செய்து, ஆஸ்பத்திரிக்கு மெயிலில் அனுப்பினார். நான் மேசை டிராயரைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டு, ஷிப்ட் பஸ்ஸுக்காக வராந்தாவில் உட்கார்ந்தேன். எம்.டி. அறையின் திறந்த கதவு எனக்கு நேர் எதிரில் இருந்தது.

டீ வந்து போன பிறகு அவர் மேசையில் போன் அடித்தது. எடுத்தவர், "கிருஷ்ணகிரியா? சொல்லுங்க, சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் காகிதத்தைப் படிக்கிற பழக்கம் உள்ளவர் போலிருக்கிறது. சிரிப்பு நின்றது. சாய்ந்தவர் நிமிர்ந்தார். ஒரு தடவைகூட "ஆ?" என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை பின்னால் பூவோடு உட்கார்ந்திருந்தான். கொஞ்சமும் கரகரப்பு இல்லாமல், அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கொண்டிருந்தது.