மேல் கட்டத்தில் அவர் பெயர்

எங்கள் பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. ஏரியூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. அதில் நான் சத்துணவு அமைப்பாளர். தேர்தல் வந்தால் அதிகாரிகளுக்கு நாங்கள்தான் சமைத்துப் போடுவோம். அன்றைக்கும் விடியும் முன்பே உப்புமாவைக் கிண்டி இறக்கிவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் வரிசையில் நின்றேன்.

நல்ல சேலைக்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். எந்தத் தேர்தலானாலும் காலையில் டீ குடிக்கும்போதே என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: "இந்த வாட்டி மூணாவது பட்டன். மாத்தி கீத்தி அமுக்கிடாத." நானும் போய் அதையே அமுக்கிவிட்டு வருவேன். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். இந்தத் தடவை சொல்ல ஆளில்லை. அழுகை வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. யாருக்குப் போடுவதென்று ஒரு வாரம் யோசித்து நானே முடிவு செய்திருந்தேன்.

பூத் சிலிப் கொடுக்க வந்தவர்கள், நான் வீட்டில் இல்லாதபோது அவருடைய சிலிப்பை மட்டும் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். செத்தவருக்குச் சிலிப், இருக்கிறவளுக்கு இல்லை, இவர்கள் வேலை இந்த லட்சணம்தான் என்று திட்டிவிட்டு விட்டுவிட்டேன். வாக்காளர் அட்டைதான் கையில் இருக்கிறதே.

முதல் மேசை அதிகாரி பட்டியலை இரண்டு முறை புரட்டினார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க பேரை நீக்கியாச்சுங்கம்மா. இறப்புன்னு போட்டிருக்கு."

பக்கத்து பெஞ்சில் இருந்த கட்சி ஏஜென்ட் எங்கள் தெருக்காரர். "சார், அக்கா இங்கதான் வேலை பாக்குறாங்க. போனது அவங்க வூட்டுக்காருங்க," என்றார்.

"காலைல இவங்க செஞ்ச உப்புமாவைத்தான் தின்னேன், எனக்குத் தெரியாதுங்களா? பேரு இல்லாம நான் விட முடியாதுங்களே."

பட்டியலில் அதே பக்கத்தில் என் வீட்டுக்காரர் படம் இருந்தது. நீக்கமில்லை, கோடில்லை. மீசையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே உதவி மேசையில் உட்கார்ந்திருந்த அங்கன்வாடிப் பெண்தான் எங்கள் தெருவுக்கு வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கிறவள். அவளிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவள் செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். அவர் பெயரை நீக்கச் சொல்லி நான் கொடுத்த மனு. என் கையெழுத்தேதான். மேல் கட்டம், மனு கொடுப்பவர்: அவர் பெயர். கீழ்க் கட்டம், நீக்க வேண்டியவர்: என் பெயர். காரணம், இறப்பு.

ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், மாதா கோயில் குடும்ப அட்டை, எந்தத் தாளை நீட்டினாலும் மேலே அவர், கீழே நான். இருபத்தாறு வருஷமாக அப்படி எழுதிய கை, முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளும் அப்படியே எழுதியிருக்கிறது.

"நான் உயிரோட இருக்கறது உனக்குத் தெரியாதா? ரெண்டு வூடு தள்ளித்தானே இருக்கற?"

"ஒரே நாள்ல அத்தனை மனுவுங்கக்கா. படிச்சுப் பாக்காம ஏத்திட்டேன். புதுசா மனு குடுங்க, அடுத்த எலெக்சனுக்குள்ள வந்துரும்."

அடுத்ததாம். அவள் கண்ணும் கலங்கியிருந்ததால் மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. மை வைத்த விரலை ஊதிக்கொண்டு பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

சமையலறைக்கு வந்து மதியத்துக்கு உலை வைத்தேன். எனக்குச் செத்தவள் என்று பெயர் வைத்தவர்களுக்கு நான்தான் சோறாக்க வேண்டும். எல்லார் மேலும் ஆத்திரம், அவர் மேலும்தான். இருந்தபோதும் என் ஓட்டை நீயே போட்டாய், போயும் அதைப் பறித்துக்கொண்டாய் என்று அடுப்பைப் பார்த்துத் திட்டினேன்.

திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஓட்டு மெஷினைச் சுற்றி வைக்கிற அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் ஒருநாளும் வந்ததில்லை. நான் எதை அமுக்கினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அத்தனை தேர்தலிலும் அங்கே நான் தனியாகத்தான் நின்றேன். ஒரு தடவைகூட நான் நினைத்ததை அமுக்கவில்லை.