கண்ணீர் முகாம்

பவானேஸ்வரி டீச்சருக்கு ஒலிபெருக்கியைக் கண்டாலே ஆகாது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு உபதேசம் பண்ணுகிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. இத்தனை வருட வேலையில் அப்படிப்பட்டவர்களை வண்டி வண்டியாகப் பார்த்தாகிவிட்டது. வந்தார்கள், கத்தினார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள், பசியாறினார்கள், போனார்கள். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டது என்னவோ இவர்தான்.

மஸ்ஜித் தானா என்ற ஊரைத் தாண்டி உள்ளே போகிற சாலையில், எண்ணெய்க்காகப் போட்ட ஒரு செம்பனைத் தோட்டம். அதன் ஓரத்தில் இருக்கிறது அவர் வேலை பார்க்கிற தமிழ்ப்பள்ளி. தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடம் மட்டும் எழுந்து போக மறந்த விருந்தாளி மாதிரி அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் சுற்று வட்டாரத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் குறைகிறார்கள், பதாகைகள் பெருகுகின்றன.

டீச்சரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அப்பா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, "உன் லட்சியம் என்ன?" என்று கேட்பார்கள். டாக்டர், போலீஸ், ஆசிரியர் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் உட்காரலாம். நான்காவதாக ஒன்றை யாரும் சொன்னதில்லை. முன்னால் நின்ற பெண், டாக்டர் என்றாள்; இவரும் டாக்டர் என்றார். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்குப் போதுமான தேர்ச்சி வந்தது, போனார். இதிலே லட்சியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதனால்தானோ என்னவோ, லட்சியம் என்று யாராவது வாயைத் திறந்தால் அவருக்கு வயிறு எரியும்.

தலைமையாசிரியர் மருதமுத்து நல்ல மனிதர். மழைக்குப் பயப்படுவார், கல்வி இலாகாவுக்குப் பயப்படுவார், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுவார். பயம் போக மீதி நேரத்தில் ஏதாவது பயிற்சிக்குப் போய்வருவார். ஒருமுறை அப்படிப் போய்வந்து, வகுப்புக்கு வகுப்பு நட்சத்திரப் பலகை மாட்டச் சொன்னார். நல்ல காரியம் செய்கிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம்.

பிள்ளைகளா ஏமாறுகிறவர்கள்? ஒரே வாரத்தில் கேன்டீன் ஓரமெல்லாம் மிட்டாய்த்தாள் பறந்தது. போடுகிறதும் இவர்கள், டீச்சர் வருகிற நேரம் பார்த்துப் பொறுக்குகிறதும் இவர்கள். கலைமகள் என்ற கெட்டிக்காரி தோழியின் காலணியை ஒளித்துவைத்து, தோழி அழுததும் தானே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்து நட்சத்திரம் வாங்கிக்கொண்டாள். இப்படியே விட்டால் இவள் மக்கள் பிரதிநிதி ஆகிவிடுவாள் என்று பயந்து பவானேஸ்வரி டீச்சர் பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினார். தூசியாவது மறையட்டும்.

அவர் பழக்கம் வேறு. திங்கட்கிழமை காலையில் தம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்புவார். அந்த வாரத்துக்குள் முடிகிற ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர், விமானி என்றெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது. காலணிக் கயிற்றை நானே கட்டுவேன் என்பான் ஒருவன். கழிவறைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பேன் என்பாள் ஒருத்தி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில், "செஞ்சியா?" என்று கேட்பார். செய்தேன் என்றால், சரி, உட்கார். இல்லை என்றால், திங்கட்கிழமை மறுபடி எடுத்துக்கொள். கைத்தட்டல் கிடையாது, மிட்டாய் கிடையாது. மற்ற ஆசிரியர்கள் இதைக் கஞ்சத்தனம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வகுப்பில் திலீப் என்று ஒருவன். இவனுக்குப் பேச்சு வருமுன் கை வந்துவிடும். பென்சிலை எடுத்தாயா என்று கேட்பதற்குள் எடுத்தவனுக்கு விழுந்திருக்கும். அப்பன் ஜொகூரில் வேலை என்று போனவன், நினைத்தால் வருவான். அம்மா உஷாராணிக்குக் குருபோங்கில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி இவனை எழுப்பிப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவாள்.

போன மாதம் இவன் கை சங்கத் தலைவரின் மகன் மூக்கில் இறங்கிவிட்டது. நாலு சொட்டு ரத்தம். தலைவர் பள்ளிக்கு வந்து போட்ட சத்தத்தில் மருதமுத்துவுக்குத்தான் மருந்து தேவைப்பட்டது. இன்னொரு முறை அந்தப் பையன் யார்மேலாவது கைவைத்தால் தம் பிள்ளைகள் இருவரையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதாகத் தலைவர் சொன்னார். மருதமுத்து உடனே உஷாராணியை வரவழைத்து, இன்னொரு முறை நடந்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளம்மா என்றார். வேறு பள்ளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேன் கிடையாது. அவளே கொண்டுபோய் விடுவதென்றால் வேலையை விட வேண்டும். அது மருதமுத்துவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு.

அடுத்த திங்கட்கிழமை திலீப் எழுந்து நின்றான்.

"யாரையும் அடிக்க மாட்டேன் டீச்சர்."

சரி, உட்கார் என்றார். அவன் உட்காரவில்லை.

"நீங்க என்னா எடுத்துக்குறீங்க? எங்களதான் கேக்குறீங்க, நீங்க ஒண்ணும் சொல்றதில்ல."

வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டது. பவானேஸ்வரி டீச்சரின் கிள்ளு அந்தப் பள்ளியில் பேர் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்து ஒரு திருகு திருகினால் ஆறாம் ஆண்டுப் பையனும் அம்மா என்பான். கிள்ளக் கூடாது என்று சுற்றறிக்கை வந்து எத்தனையோ காலம் ஆகிறது. சுற்றறிக்கை எழுதியவன் வந்து வகுப்பை நடத்தட்டும் என்பது டீச்சரின் கட்சி. இருந்தாலும், எட்டு வயசுப் பயல் எல்லார் முன்னாலும் கேட்டபிறகு என்ன செய்வது?

"சரி. நானும் யாரையும் கிள்ள மாட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை வருவதற்குள் அவருக்கு விரல் நமநமவென்று இருந்தது. திலீப்பும் ஓய்வு நேரத்தில் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் திரிந்தான். அந்தக் கோலத்தோடு எப்படியோ நாலு நாளை ஓட்டிவிட்டார்கள் இருவரும்.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளுக்கு ஊக்க முகாம் நடத்த வந்து சேர்ந்தார் வசந்தன்.

வசந்தன் முன்னே தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவர். அது ஓடவில்லை. பிறகு ஏதோ சத்துமாவு விற்றார், அதுவும் ஓடவில்லை. சொந்தப் பிழைப்பில் இரண்டு முறை விழுந்தவர் ஊரான் பிள்ளைக்கு வெற்றியின் ரகசியம் சொல்லக் கிளம்பிவிட்டார். ஊருக்குத்தானே உபதேசம்? கோட்டு ஒன்று, காதில் மாட்டிய மைக் ஒன்று, கையில் இன்னொரு மைக். இலக்கை நோக்கி என்று பதாகை. அதில் பிள்ளைகள் ஒரு மூலையில் கடுகளவு, வசந்தன் ஆளுயரம்.

நான் சாதிப்பேன் என்று பிள்ளைகளைத் தொண்டை கட்டுமட்டும் கத்தவைத்தார். பிறகு லட்சியம் கேட்டார். லாரி ஓட்டணும் என்றான் ஒரு பையன். லாரி எல்லாம் ஒரு லட்சியமா தம்பி, விமானம் என்று சொல் என்று திருத்தினார். பள்ளி மண்டபத்தின் பின்வரிசையில், வந்திருந்த பெற்றோரோடு அந்தப் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார், லாரிக் கம்பெனிச் சட்டையோடு. குனிந்து தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் பாத பூஜை. பெற்றவர்களின் காலைப் பிள்ளைகள் கழுவ வேண்டும். அதற்காக அம்மாக்கள் மண்டபத்தின் பின்பக்கத்தில் நாற்காலி போட்டு, காலடியில் பிளாஸ்டிக் தொட்டியும் மஞ்சள் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தார்கள். உஷாராணி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பச்சைச் சேலையில் வந்திருந்தாள். ஆனால் சும்மா கழுவினால் வசந்தனுக்கு எப்படிப் பேர் வரும்? அழுதுகொண்டல்லவா கழுவ வேண்டும்? ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். விளக்கை அணைத்தார். பாட்டுப் பெட்டியில் வயலின் அழத் தொடங்கியது.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். வாசலெல்லாம் செருப்பு. உள்ளே ஒரே கூட்டம். நடுக்கூடத்தில் வெள்ளைத்துணி போர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். அது யார்? உங்கள் அம்மா. இனி எழுந்திருக்க மாட்டாள். உனக்காக உழைத்து உழைத்தே செத்துப்போனாள். நீ அவளுக்கு என்ன செய்தாய்?

ஏழு வயதும் எட்டு வயதும் வேறு என்ன செய்யும்? ஓவென்று எழுந்தது அழுகை. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று காலையில் தின்ற நாசி லெமா சோற்றை அப்படியே கக்கியது. வசந்தன் முகத்தில் ஒரு பூரிப்பு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கலை இதுதான். கிள்ளுகிறவர் என்று பேர் வாங்கிய பவானேஸ்வரி டீச்சருக்கே பார்க்கச் சகிக்கவில்லை. வாந்தியைத் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இவனெல்லாம் ஒரு மனுசன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

திலீப் மட்டும் அழவில்லை. கண்ணைத் திறந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தன் அதைப் பார்த்துவிட்டார். நேரே வந்து மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்து, அம்மா செத்துக் கிடக்கிறாள், உனக்கு அழுகை வரவில்லையா என்றார்.

"சாகலயே அங்கிள். அந்தா உக்காந்திருக்காங்க, பச்சைச் சேலை."

மைக் நல்ல மைக். மண்டபம் முழுக்கக் கேட்டது. வயலின் அழுதுகொண்டே இருக்க, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மாக்கள் எல்லாரும் சிரித்தார்கள். சங்கத் தலைவரே தோள் குலுங்கச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளும் திரும்பி, தங்கள் தங்கள் அம்மா உயிரோடு இருப்பதைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தன.

வசந்தனுக்கு எல்லாம் பொறுக்கும், சிரிப்பு மட்டும் பொறுக்காது. பையனின் தோளைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். பாருங்கள், இலக்கு இல்லாத பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்றார். பெற்றவளின் சாவுக்குச் சிரிக்கிறவன் நாளைக்குச் சிறையில்தான் இருப்பான் என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் நெற்றியில் விரலால் ஒரு குத்து.

திலீப்பின் கைகள் பையை விட்டு வெளியே வந்தன. இரண்டும் முஷ்டியாக இருந்தன. அந்தக் கை என்ன செய்யும் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். தலைவர் சிரிப்பை நிறுத்தினார். உஷாராணி எழுந்ததில் தொட்டி கவிழ்ந்து மஞ்சள் தண்ணீர் ஓடியது. மருதமுத்து வழக்கம்போல் தரையைப் பார்த்தார்.

பவானேஸ்வரி டீச்சர் மேடை ஏறினார். வசந்தனின் முழங்கைக்கு மேலே கோட்டுக்குள் சதை தாராளமாக இருந்தது. டீச்சரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்று சேர்ந்தன. அவர் திலீப்பைப் பார்த்தார். அவன் முஷ்டி இன்னும் அவிழவில்லை. ஆனால் தொடையோடு ஒட்டி அங்கேயே இருந்தது.

விரல்களைப் பிரித்தார். வசந்தன் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளைய விடுங்க சார். இங்க யாரும் சாகல. ஜன்னலத் திறங்க."

யாரோ திறந்தார்கள். வெளிச்சம் வந்ததும் வசந்தன் தண்ணீர் வடிகட்டி விற்ற ஆள் மாதிரியே தெரிந்தார். மேலிடத்தில் புகார் செய்வதாகச் சொன்னார். தாராளமா செய்ங்க என்றார் டீச்சர்.

பிறகு பாத பூஜை நடந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள், திலீப்பைத் தவிர. கண்ணீர் மழையில் நனைந்த மாணவர்கள் என்று வசந்தன் பேஸ்புக்கில் படம் போட்டார். மருதமுத்து டீச்சரைக் கூப்பிட்டு, நீங்கள் கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம் என்றார். நீங்கள்தான் எல்லாருக்கும் சேர்த்து அனுசரிக்கிறீர்களே சார் என்று சொல்லிவிட்டு டீச்சர் வகுப்புக்குப் போனார்.

கடைசிப் பாடம். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். கயிறு கட்டினேன் என்றான் ஒருவன். மறந்துவிட்டேன் என்றாள் ஒருத்தி. திலீப் முறை வந்தது.

"செஞ்சியா?"

"செஞ்சேன் டீச்சர்." உட்காராமல் நின்றான். "நீங்களும் செஞ்சீங்க. நான் பாத்தேன். ரெண்டு விரலும் சேந்துச்சு, அப்பறம் விட்டுட்டீங்க."

இத்தனை வயதில், இத்தனை பதாகைகளுக்கு நடுவில், டீச்சர் செய்த காரியத்தை ஒருவன் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்தால் வசந்தன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று கரும்பலகையைத் துடைத்தார்.

"சரி, உக்காரு. திங்கக்கிழமைக்கு வேற யோசிச்சிட்டு வா."

"இல்ல டீச்சர், மறுபடியும் இதையே எடுத்துக்குறேன். நீங்களும் இதையே எடுத்துக்குங்க." திலீப் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான். "அந்த அங்கிள் அடுத்த மாசமும் வராராம் லா. ஹெட்மாஸ்டர் வரச் சொல்லிட்டாரு."