அக்கா பீரியடை ஆரம்பித்தவர்

செய்தி வந்தபோது நான் பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டில் அவரைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் செய்தவள் ஷீலா. எங்கள் பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்தவள், இப்போது வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறாள். எடுத்த எடுப்பில் அவள் சேதியைச் சொல்லவில்லை. "சார், எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். மார்க்கெட்டில் பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம் என்றேன். "கொஞ்சம் ஓரமா போய் உக்காருங்க சார். நான் லைன்லயே இருக்கேன்" என்றாள். பூக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்கார்ந்த பிறகுதான், "புஷ்பம் மிஸ் காலையில போயிட்டாங்க சார்" என்றாள். நானாக வைக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. கெட்ட சேதியை ஒருவருக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பதினான்கு வயதில் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மேரி புஷ்பம் என்பது முழுப் பெயர். விவேக் நகரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே காலமானவர். எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் உயிரியல், நான் கணக்கு. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரைச் 'சாந்த சொரூபி' என்றார். பின்வரிசையில் இருந்த பழைய மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இதைப் படிக்கும் பழைய மாணவிகளுக்கும் தெரியும், புஷ்பம் மிஸ் சாந்தம் இல்லை. மைக் இல்லாமல் பிரேயர் மைதானத்தையே அடக்குகிற குரல். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மொபெட்டில் வந்து இறங்கினால் வாட்ச்மேன்கூட எழுந்து நிற்பார். கோபம் வந்தால் ஸ்டாஃப் ரூமில் டீ ஆறிவிடும், யாரும் கிளாஸைத் தொட மாட்டோம். அந்தக் கோபக்காரர்தான் பிள்ளைகளை வாய் திறக்க வைத்தார். அதில்தான் எனக்குப் பெருமை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் காவிரிக் கலவரத்துக்காக மூடிய பள்ளி மறுபடியும் திறந்தது. தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் கன்னடப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக, யாரும் சொல்லாமலேயே, உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆசிரியர்கள் மாறி மாறிக் கேட்டோம், பிஸ்கட் வாங்கிக் கொடுத்தோம், கெஞ்சினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மதியம் ஒன்பதாம் வகுப்புக் கன்னடப் பெண் ஒருத்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஊட்டா ஆயித்தா?" என்றாள். சாப்பிட்டாயா என்ற கேள்விதான். பிறகு தன் டப்பாவைத் திறந்து, தன் வீட்டிலும் அந்த வாரம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு பயந்துகொண்டே இருந்ததைச் சொல்லத் தொடங்கினாள். சின்னவள் முதலில் அழுதாள், அப்புறம் பேசினாள். வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த புஷ்பம் மிஸ் என்னைப் பார்த்து, "நாம எல்லாரும் அவளைக் கேட்டோம் சார். இந்தப் பொண்ணு தன்னைச் சொன்னா. அதான் வித்தியாசம்" என்றார்.

அதிலிருந்து பிறந்ததுதான் வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் ஆறாம் வகுப்புப் பெண்ணும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பேசுவார்கள். நிர்வாகத்துக்காக இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் வைத்தார்; பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளாமல் 'அக்கா பீரியட்' என்றார்கள். தமிழிலும் அக்கா, கன்னடத்திலும் அக்கா. எந்த வீட்டிலிருந்தும் ஆட்சேபம் வரவில்லை. அதற்கு மிஸ் போட்ட சட்டங்கள் மூன்று. அக்காதான் முதலில் பேச வேண்டும், அந்த வாரம் தனக்குச் சரியாக நடக்காத ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். புத்திமதி கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. இந்த மூன்றாவது சட்டம் எங்களைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

புத்திமதி கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க என்னைத்தான் பலிகொடுத்தார். "ஒரு நிமிஷம் வாங்க சார்" என்று வகுப்புக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். எதிரே ஒரு பெண்ணை உட்காரவைத்து, பரீட்சையை நினைத்தாலே கை நடுங்குகிறது என்று சொல்லச் சொன்னார். நான் உடனே, "தினமும் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "பாத்தீங்களா? சார் சொன்னது சரியான விடை" என்றார் மிஸ். "ஆனா அவ கேள்வியே கேக்கல. புத்தி சொல்ல இந்த ஊர்ல ஆளுக்கா குறைச்சல்? கேக்கத்தான் ஆள் வேணும்." என் மூக்குதான் உடைந்தது. ஆனாலும் அடுத்த வருஷமும் கூப்பிட்டார், அதே நாற்காலியில் போய் அதே விடையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மூன்றாவது சட்டம். ஒரு வருஷம் ஷீலா ஒன்பதாம் வகுப்பில் அக்காவாக இருந்தாள். அவளுடைய ஜோடி ஆறாம் வகுப்புக் கவிதா. தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கவிதா வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வகுப்பாசிரியை விசாரித்தபோது ஷீலா உடைந்து அழுதுவிட்டாள். கவிதாவின் அம்மாவுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து அழுகையாம். எழுந்திருப்பதில்லை, குழந்தையைத் தூக்குவதில்லை. வீட்டைப் பார்க்க ஆள் இல்லாததால் விடுமுறையோடு கவிதாவின் படிப்பை நிறுத்தப்போகிறார்கள். விடுமுறைக்கு முன்பே ஷீலாவிடம் இதைச் சொன்ன கவிதா, 'யார்கிட்டயும் சொல்லாதே, வீட்டு மானம் போயிடும்' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டமும் அதையேதான் சொன்னது. அதனால் ஷீலா எல்லாம் தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை.

புஷ்பம் மிஸ் அவளைத் திட்டவில்லை. "ரூல் போட்டது நான். நீ காப்பாத்தினே. வா, போலாம்" என்றார். அன்று சாயங்காலமே கிளம்பினோம். நான் தொம்மலூர்க்காரன், கவிதாவின் வீடும் அங்கேதான், அவள் அப்பா முருகேசன் என் வீட்டுக்கு டெம்போவில் மணல் இறக்கியவர். அந்த அறிமுகத்தில் மிஸ் என்னையும் இழுத்துக்கொண்டார். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கவிதா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முருகேசன் எங்களைப் பார்த்ததும், "வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் பேசத்தான் ஸ்கூலுக்கு அனுப்பினோமா சார்?" என்றார். நான் என்னவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். மிஸ் என் முழங்கையை இடித்தார். பிறகு அந்த மைதானத்துக் குரல்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஷீலாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஷீலா அந்த அம்மாவின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நான்தான் ஷீலா. கவிதாவோட ஸ்கூல் அக்கா. கவிதா என்கிட்ட எல்லாம் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னா. நானும் சொல்லல ஆன்ட்டி. சொல்லாம இருந்ததுல எனக்குச் சோறே இறங்கல. எங்கம்மா என்னடின்னு கேட்டாங்க, அவங்க மேலயே எரிஞ்சு விழுந்தேன்" என்றாள். பிறகு அந்த அம்மா மெல்லத் திரும்பி, "நீ சின்னப் பொண்ணு. எங்க வீட்டுக் கஷ்டத்துக்கு நீ ஏன்மா சாப்பிடாம இருக்கே?" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "பாப்பா அழறது காதுல விழுது. தூக்கணும்னும் தெரியுது. கைதான் போகமாட்டேங்குது. நான் எல்லாம் ஒரு தாயான்னு இருக்கு" என்றார். முருகேசன் திகைத்துப்போனார். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். "என்ன பண்ணுதுன்னு நீங்க கேக்கலையே. ஏன் எழுந்திருக்கலேன்னுதான கேட்டீங்க?" என்றார் அந்த அம்மா. முருகேசன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அந்த வீட்டில் செய்ததை, பி.எட். படித்த நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் காலை அவசரக் கூட்டம். எங்கள் தலைமை ஆசிரியைக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும், முடிவெடுத்துவிட்டால் இங்கிலீஷ் வரும். அன்று இங்கிலீஷ். ரகசியம் ரகசியம் என்று சொல்லி ஒரு குழந்தையின் படிப்பே போகப் பார்த்தது, இந்த வகுப்பு இனி வேண்டாம், வெள்ளிக்கிழமை பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர்ஷன் முடியவில்லை, ஒரு பீரியட் கொடுங்கள் என்று வருஷக் கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவன் நான்தானே. "எனக்கு வேண்டாம் மேடம்" என்றேன். முந்தின நாள் சாயங்காலம் தொம்மலூரில் பார்த்ததையும் சொன்னேன். கணக்கு வாத்தியார் ஒருவர் பீரியடை வேண்டாம் என்று சொன்னது எங்கள் பள்ளிச் சரித்திரத்தில் அதுவே முதலும் கடைசியும்.

புஷ்பம் மிஸ் எழுந்தார். நாங்கள் குரல் உயரப்போகிறது என்று காத்திருந்தோம். உயரவில்லை. "தப்பு பொண்ணுங்க மேல இல்ல, பீரியட் மேலயும் இல்ல. நான் போட்ட ரூல்ல இருக்கு. ரூலை மாத்திக் காட்டறேன். அப்பவும் சரிப்படலேன்னா நானே நிறுத்திடறேன்" என்றார். தலைமை ஆசிரியை வருஷக் கடைசிவரை தவணை கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மிஸ் ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து, "நான் போட்ட மூணாவது ரூல் தப்பு. புதுசா நீங்க போடுங்க" என்று சாக்பீஸை ஷீலா கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் கத்தினார்கள், சண்டை போட்டார்கள். எல்லாவற்றையும் மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்றாள் ஒருத்தி. அப்படியானால் எந்தச் சின்னவளும் வாயைத் திறக்க மாட்டாள் என்றாள் இன்னொருத்தி. மணி அடிக்கும் நேரத்தில் ஷீலா எழுதினாள்: 'ரகசியம் காப்பேன். உனக்கு ஆபத்து என்றால் உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன். உன்னையும் கூட்டிக்கொண்டு மிஸ்ஸிடம் போவேன்.' இதைத் தங்கையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். மிஸ் கடைசி பெஞ்சிலிருந்து, "இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

கவிதாவின் அம்மாவை மிஸ்ஸே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரக்கூடியதுதான், மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். வேலூரிலிருந்து முருகேசனின் அக்கா வந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே கவிதா பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். பீரியடும் பிழைத்தது. வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த வருஷ டைம்டேபிளில் அவராகவே போட்டுவிட்டார்.

கவிதா ஒன்பதாம் வகுப்புக்கு வந்து அக்காவான வருஷம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்ஸும் நானும் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று எதையோ பேசிக்கொண்டிருந்தோம். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு சின்னப் பெண் கவிதாவிடம் ஏதோ சொன்னாள். கவிதா வெகுநேரம் கேட்டாள். பிறகு எழுந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தைக் கடந்து எங்களிடம் வந்தாள். சின்னவளின் முகம் அழுது வீங்கியிருந்தது. "மிஸ், இவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், அவதான் சொல்லுவா. நான் கூடவே இருப்பேன்" என்றாள் கவிதா.

புஷ்பம் மிஸ்ஸின் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். அதையும் சரியாகப் பார்க்க விடவில்லை. "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று என்னை நகர்த்திவிட்டு, இரண்டு பெண்களையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். பள்ளி விட்டு, மைதானம் காலியாகும்வரை நான் வராண்டாவில் நின்று, அந்தப் பக்கம் வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியையும் வந்தார். உள்ளே அக்கா பீரியட் நடக்கிறது மேடம் என்றேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அந்தச் சின்னப் பெண் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களும் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து, என்னிடமே கணக்குப் படித்துத் தேறிப் போனாள். அது மட்டும் தெரியும். புஷ்பம் மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாயங்காலத்தைத்தான். சாத்திய கதவுக்கு வெளியே எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அதை ஒழுங்காகச் செய்தேன்.