அனுஷியா செய்த கண்ணாடி

அனுஷியாவின் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. பசை காய்ந்து காய்ந்து உரிந்ததில் தோல் வழுவழுப்பாகிவிட்டது. ரேஷன் கடை எந்திரத்தில் விரலை வைத்தால் அது அவளை ஏற்றுக்கொள்ளாது. வேறு விரலை வை என்பார்கள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். அவளுடைய அப்பா குணரத்தினம் பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போகிறவர். முகாமில் ஆள் எண்ணும் தணிக்கை நாள் வந்தால் ஊருக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவார். அனுஷியா பி.காம். முடித்தாள். வேலை கேட்டுப் போன இடங்களில் மரியாதையாகத்தான் பேசினார்கள். முகாம் அட்டையைப் பார்த்த பிறகு, "சொல்லி அனுப்புறோம்மா" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதனால் சிப்பி வேலைக்கு வந்தாள்.

ராமேஸ்வரம் கடைத்தெருவில் சிப்பியும் சோழியும் ஒட்டிய வட்டக் கண்ணாடிகள் தொங்கும். அவற்றை முகாம் மாதிரி இடத்து வீடுகளில்தான் செய்கிறார்கள். கடையிலிருந்து சாமான் வரும். அட்டையில் கண்ணாடியைப் பதித்து, சுற்றிலும் சிப்பி ஒட்டி, பின்பக்கம் காக்கித்தாள் ஒட்டி மூட வேண்டும். டஜன் டஜனாகக் கட்டி வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். டஜனில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கட்டை எடுக்கமாட்டார்கள்.

நானும் அவளும் எட்டாம் வகுப்பிலிருந்து பள்ளித் தோழிகள். என் ஊர் முகாமுக்குப் பக்கத்திலிருக்கும் வேதாளை. எங்கள் பெருநாளும் அவர்கள் பொங்கலும் ஒரே சமயத்தில் வருவதில்லை என்பதால், பொதுவாக இருக்கட்டும் என்று அரையாண்டு விடுமுறையைப் பிடித்துக்கொண்டோம். ஆளுக்கொரு பரிசு. கடையில் வாங்கக் கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும். கூட ஒரு கவிதை. நான் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுவேன். அவள் படித்துவிட்டு, "வெள்ளைக்காரிக்குக் காய்ச்சல் வந்த மாதிரிக் கிடக்கு" என்பாள். அவளுடையது நன்றாக இருக்கும். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

இப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். விடுமுறை எனக்குத்தான். அவளுக்கு டிசம்பர் என்றால் ஐயப்ப சீசன். சபரிமலைக்குப் போய் வருகிறவர்கள் பஸ் பஸ்ஸாக ராமேஸ்வரம் வருவார்கள். கடைகள் கண்ணாடி கேட்டு நச்சரிக்கும். மழைக் காற்றில் பசை வேறு சீக்கிரம் காயாது.

அதனால் இந்தத் தடவை போனில் சொன்னேன். "இந்த வருஷம் வேணாம் அனு. சும்மா வாரேன், சாப்பிடுவோம்."

அவள் சொன்னாள்: "வருசம் முழுக்கக் கடைக்குச் செய்யிறன். ஒண்டையாவது ஒரு ஆளுக்கெண்டு செய்ய விடன்."

நான் மறுக்கவில்லை.

குரோஷா ஊசியால் பின்னிய ஒரு கைப்பையுடன் நான் போனபோது அவள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கனகேஸ்வரி வாசல் பக்கம் நின்றார்.

"என்ன தேடுறே?"

"உனக்குச் செய்த கண்ணாடி. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால வச்சனான்."

கனகேஸ்வரி மெதுவாகக் கேட்டார். "டிரங்குக்குப் பின்னால இருந்ததோ பிள்ளை? காலமை முனியசாமி கடை வண்டியோட வந்து நிண்டான். எண்ணினால் ஒண்டு குறையுது. நீ மறந்துபோய் அங்க வச்சிட்டாய் எண்டு நினைச்சு எடுத்து அந்தக் கட்டோட சேத்து அனுப்பிட்டன்."

அனுஷியா எழுந்து உட்கார்ந்தாள். "கேட்டிருக்கலாமே அம்மா."

"நீ தண்ணி பிடிக்கப் போயிட்டாய். எல்லாம் ஒரே மாதிரித்தானே பிள்ளை இருந்தது."

நான் பையை நீட்டினேன். வாங்கவில்லை. "முதல்ல என்ட சாமானைத் தாறன். பிறகு வாங்குறன்" என்று செருப்பைத் தேடினாள்.

கடைக்குப் போக ராமேஸ்வரம் பஸ் ஏறினோம். பாம்பன் பாலம் தாண்டியதும் அவளாகவே சொன்னாள். "வேற மாதிரிச் செய்யத்தான் நினைச்சனான். உக்காந்தால் கை பழகின மாதிரியே போட்டுது. கவிதையை எழுதி, அட்டைக்கும் காக்கித்தாளுக்கும் நடுவில வச்சு ஒட்டிட்டன். நீ கிழிச்சு எடுக்கட்டும் எண்டு."

கடை மகேஸ்வரி அக்காவுடையது. கறுப்பு வேட்டிக் கூட்டத்துக்கு நடுவில் சங்கு விற்றுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் சுவரைக் காட்டினார். "பாரு, பூரா ஒன் வேலையத்தான் தொங்க விட்டுருக்கேன்."

அனுஷியா விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னைக்கு வந்த கட்டையும் பிரிச்சு மாட்டியாச்சே. காலைல ஆந்திரா பஸ்ஸு வேற வந்துச்சு, அள்ளிட்டுப் போனாங்க. இருந்தா இங்கனதான் இருக்கும், எடுத்துக்க."

அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், மாட்டினாள். அடுத்ததை எடுத்தாள். சிப்பிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே வளைவு, அதே இடத்தில் அதே சோழி. நானும் தேடினேன். எதைத் தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மகேஸ்வரி அக்கா சிரித்தார். "பெத்த பிள்ளைய அடையாளம் தெரியலையா ஒனக்கு?"

"பத்துப் பெத்தாத் தெரியும் அக்கா. இது எத்தினை." அவளும் கொஞ்சம் சிரித்தாள். "பின்னால கிழிச்சுப் பாக்கட்டா?"

"ஒண்ணு கிழிச்சுக்க. எல்லாத்தையும் கிழிச்சா எவன் வாங்குவான்?"

வெகுநேரம் நின்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஓரத்தில் நகத்தை விட்டுக் காக்கித்தாளை இழுத்தாள். உள்ளே வெறும் அட்டை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அக்காவிடம் பசையும் காக்கித்தாளும் கேட்டாள். கிழிந்த தாளை உரித்துவிட்டுப் புதுத்தாள் வெட்டி ஒட்டி, ஓரத்தை நீவி, சுவரில் மாட்டினாள். அவ்வளவு களைப்பிலும் அந்தக் கை தயங்கவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணக் கொண்டு போ தாயி. ஏங் கணக்குல" என்றார் அக்கா.

"வேண்டாம் அக்கா. இது கடைச் சாமான்."

சங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, அழவும் இல்லை. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"கவிதை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அரை நித்திரையில எழுதினது."

"இருக்கிறதைச் சொல்லு."

அக்காவிடம் பில் தாள் ஒன்று வாங்கி, முழங்காலில் வைத்து எழுதினாள். நடுவில் ஒருவர் சங்கு விலை கேட்டார். அவளே பதில் சொல்லிவிட்டு மறுபடி எழுதினாள்.

*நாட்காட்டியில் சிவப்பாக இருக்கிறது விடுமுறை.*
*எங்கள் வீட்டுக்கும் அது உண்டா என்று பார்க்க*
*உன்னை வரச் சொன்னேன்.*

"பிறகும் ரெண்டு வரி இருந்தது. அதுதான் நல்லாருந்தது. வருகுதில்லை."

"இது போதும் அனு. நல்லாருக்கு. ஒன்னோட கவிதை எல்லாமே நல்லாருக்கும்."

தாளை என் கையில் கொடுத்துவிட்டு, காலியான கையை அப்படியே நீட்டினாள். "இப்ப உன்டதைத் தா."

கொடுத்தேன். பின்னலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இவ்வளவு பிழை விட்டிருக்கிறாய்" என்று தோளில் மாட்டிக்கொண்டாள்.

கிளம்பும்போது மகேஸ்வரி அக்கா கூப்பிட்டார். "வந்ததுதான் வந்துட்டே, அடுத்த சாமான் மூட்டையக் கையோட கொண்டு போயிரு. முனியசாமி நாளைக்கு வரமாட்டான். பொங்கலுக்குள்ள வேணும்."

அவள் மூட்டையைப் பார்த்தாள். "சரி அக்கா."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். உள்ளே சிப்பிகள் உரசிக்கொண்டே வந்தன. இரண்டு இடத்தில் இறக்கி வைத்துக் கை மாற்றினோம். முதலில் வந்த பஸ் நிற்காமல் போய்விட்டது.

"அடுத்த வருசம் உனக்குச் சாமான் ஒண்டும் செய்யமாட்டன் ஃபஸீலா" என்றாள். "கவிதை மட்டும் தாறன்."

"சரி."

"அதுக்கும் நேரம் இருந்தால்தான்."

"சரி அனு."

அடுத்த பஸ் நின்றது. மூட்டையை முதலில் ஏற்றினோம்.