அவன் வரட்டும் என்றாள்

விலங்குக் கூடத்துக்குள் போகுமுன் கைப்பேசியை வெளியே பூட்டிவைக்க வேண்டும். களமசேரியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் விதி. உள்ளே எலியை மயக்கி, அதன் மூளைக்குள் மெல்லிய ஊசியால் ஒரு நொதியைச் செலுத்துவோம். அது ரத்தக்குழாயின் சுவரை அரிக்கும், ரத்தம் கசியும். எப்போது கசியத் தொடங்கியது, எவ்வளவு விரிந்தது என்று கூடவே இருந்து பார்க்கலாம். பக்கவாதம் வந்த மனிதர்களிடம் அது முடியாது. அதற்குத்தான் எலி.

மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமக்கும் அப்பாவுக்கு இதை ஒருமுறை விளக்கினேன். "நீயே அடிச்சுப் போட்டுட்டு நீயே வைத்தியமும் பாப்பியா? நல்ல வேலைடா" என்று சிரித்தார். மறுநாள் சாயாக்கடையில் என்னை 'எலி டாக்டர்' என்று அறிமுகப்படுத்தினார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; அந்த வித்தியாசம் அங்கே யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அன்று மதியம் கூடத்தைவிட்டு வெளியே வந்தபோது அம்மாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. கூப்பிட்டேன்.

"அப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சுடா. வலது கை தூக்க வரல."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"வீட்லதான். பக்கத்து வீட்டு சேட்டன் ஆட்டோ கொண்டாந்தார், நான்தான் வேணாம்னேன். இதைத்தானே நீ படிக்கிற? நீ வந்து பாத்துச் சொல்லட்டும்னு படுக்க வச்சிருக்கேன்."

"ஐயோ அம்மா, இப்பவே தூக்கிட்டுப் போங்க!"

சேட்டன் போனை வாங்கினார். "ஆஸ்பத்திரிக்குப் போகாம்னு ஞான் அப்பவே பறஞ்சதாணு மோனே. அவன் வரட்டும், அவன் வரட்டும்னே அம்மை நிக்குது. இதோ எடுக்கறோம்."

பேருந்து வைட்டிலாவில் நெரிசலில் மாட்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. முதல் சில மணி நேரத்தில் மூளைக்குள் அந்த ரத்தக் கறை எப்படிப் பரவும் என்று படம் படமாகப் பார்த்தவன் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பிழைத்தார். பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. வாரங்கள் கழித்து ஒரு காலையில், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"உன் எலிக்கெல்லாம் கை வருமாடா?"

"பெரும்பாலும் வந்துடும்மா."

"அதுக்குக் குடுக்கிற மருந்துல கொஞ்சம் கொண்டாயேன். அப்பாவுக்குன்னு சொன்னா தர மாட்டாங்களா?"

"எலிக்குக் கேக்குது. மனுசனுக்குக் கேக்கலம்மா. எலி எளசு, பிரஷர் கிடையாது, மூட்டை தூக்கினது கிடையாது."

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அன்னைக்கு உடனே தூக்கிட்டுப் போயிருந்தா வந்திருக்குமா?"

எலிகள் என்றால் உடனே மருந்து கொடுத்தவை, தாமதமாகக் கொடுத்தவை என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்டிருப்பேன். அப்பா ஒருவர்தான்.

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை. ஆனால் அதை அவள் 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டாள். கரண்டி பாதியில் நின்றுவிட்டது. அப்பா கோணிய வாயைத் திறந்து வைத்திருந்தார்.