நான் மலடு என்று சொன்ன ஆமை

பீங்கான் அகல் விளக்கு செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அதைத் தாண்டினால், பீங்கான் உடைசல் கொட்டிக் கொட்டி இறுகிப்போன கொல்லை. அங்கேதான் என் ஆப்பிரிக்கச் சிறுத்தை ஆமைகள் இரண்டும் வளர்ந்தன. ஓடு முழுக்கச் சிறுத்தைப் புள்ளி. பெட்டையை ஒரு ஆள் தூக்கினால் மூச்சு வாங்கும். குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வருஷங்கள் போயின. ஆண் துரத்தும், முட்டும், ஏறும். முட்டை மட்டும் வரவில்லை.

அப்போது மகள் எங்களோடு இருந்தாள். குழந்தைக்காகச் செய்த சிகிச்சை பலிக்காமல், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள். ஆமைகளுக்குக் கீரை போடுவது அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார்.

"இன்னுமா முட்டை வைக்கல மாப்ள?"

"இது மலடுங்க மச்சான். வேற பெட்டை பாக்கணும். எத்தனை நாளைக்குச் சும்மா தீனி போடறது?"

சொல்லிவிட்டுத் திரும்பினேன். மகள் டீத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். மச்சான் தரையைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

சில நாளில் பெட்டை தீனியைத் தொடவில்லை. முதலில் கவனித்தது மகள்தான். "பின்னங்காலை இழுக்குதுப்பா, டாக்டர்கிட்ட கொண்டு போவலாம்."

எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்.

"வயித்துல முட்டை நிறைய இருக்குதுங்க," என்றார் டாக்டர். "தோண்டி வைக்க இடமில்லாம அடக்கிக்கிட்டு இருக்குது. உங்க கொல்லையில மண்ணு எப்படி?"

மூலைக்கு மூலை அது கீறி வைத்த தடங்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

"பீங்கான் ஓடுங்க சார்," என்றாள் மகள். "கெட்டியா கிடக்குது."

டாக்டர் ஊசி போட்டு அனுப்பினார். அன்றே நான் கொல்லையைக் கொத்தினேன்; அவள் கூடவே ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பினோம். பெட்டை அதில் குழி தோண்டி முட்டை வைத்துப் பிழைத்துக்கொண்டது. ஆனால் உள்ளேயே நாள்பட்டுக் கிடந்த முட்டைகளில் ஒன்றும் பொரியவில்லை.

கெட்டுப்போனவற்றை எடுத்துப் புதைத்த அன்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு உன் மாமாகிட்ட நான்..."

"வேணாம்பா," என்றாள். "இனிமே யாரு வந்தாலும் முட்டைப் பேச்சை எடுக்காதீங்க. அது போதும்."

"சரிம்மா," என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது யாராவது ஆமை பார்க்க வந்தால், தூங்குது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.